அலுவலகத்தில் போதை என்று காதில் விழுந்தால்: டெஸ்ட் வைப்பதற்கு முன்

கேள்வி இதுதான். சுமார் 120 பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம். ஒரு குழுவில் ஒருவர் மதிய இடைவேளைக்குப் பிறகு "வேற மாதிரி" இருக்கிறார், கழிப்பறையில் ஏதோ எடுத்துக்கொள்கிறார் என்று சக ஊழியர் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். முதலாளிக்கு இரண்டு யோசனை. அலுவலகம் முழுவதற்கும் சிறுநீர் டெஸ்ட் வைத்துவிடுவது ஒன்று. சத்தமில்லாமல் அந்த ஒருவரிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிடுவது இன்னொன்று. எது சரி?

இரண்டும் வேண்டாம் என்பது என் பதில். ஏன் வேண்டாம், பிறகு என்னதான் செய்வது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மனிதவளத் துறையில் 19 வருடம் இருந்ததில் இந்த மாதிரி விவகாரங்கள் ஏழெட்டு என் மேஜைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டை நான் மோசமாகக் கையாண்டேன். அந்தக் கதைகளும் வரும்.

முதலில், உங்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் சொன்ன ஒரு பேச்சு. "வேற மாதிரி" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மெமோகூட எழுத முடியாது. அதோடு, போதை என்று சொல்லும்போது மூன்று விஷயங்களை ஒரே பையில் போட்டுக் குழப்புகிறோம். அலுவலகத்துக்குள் போதைப்பொருளை வைத்திருப்பது, விற்பது, எடுப்பது ஒன்று. வேலை நேரத்தில் நிதானமில்லாமல் இருப்பது இன்னொன்று. எடுத்தது வீட்டில் என்றாலும், டாக்டர் சீட்டோடு வாங்கிய மருந்து என்றாலும் இதில்தான் சேரும். வேலைக்கு வெளியே எதையோ எடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை சரியாக வந்து வேலை பார்ப்பவர் மூன்றாவது வகை. முதல் வகையில் சட்டம் நேராக உள்ளே வருகிறது. இரண்டாவது மேனேஜரின் அன்றாட வேலை. மூன்றாவதில், வேலை கெடாதவரை, சாதாரண அலுவலகத்துக்குச் சொல்ல அதிகம் கிடையாது. விமானம் ஓட்டுபவருக்கும் ரயில் ஓட்டுபவருக்கும் தனி விதிகள் உண்டு, இருக்கவும் வேண்டும். அந்த விதிகளைத் தூக்கிவந்து கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் மேல் மாட்டப் பார்க்கும்போதுதான் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன.

என் முதல் சறுக்கல் இரண்டாவது வகையில். ஒரு நாள் காலை பதினொன்றரை இருக்கும். கணக்குப் பிரிவில் ஐம்பதை நெருங்கும் ஒருவர், எப்போதும் சாதுவாக இருப்பவர், திடீரென்று பக்கத்து மேஜைக்காரரிடம் கத்தினார். நாக்கு குழறியது. பாஸ்வேர்டை நான்கு முறை தப்பாக அடித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "குடிச்சிருக்கார்" என்றார் மேனேஜர். நானும் நம்பி, காவலரைக் கூப்பிட்டு வெளியே அழைத்துப் போகச் சொன்னேன். மாடிப்படியில் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய பையைத் திறந்த சக ஊழியர் கையில் வந்தது இன்சுலின் பேனா. சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து இருபது நிமிடத்தில் அவர் பழைய மனிதராக ஆனார். முப்பது பேர் பார்க்க அவரைக் காவலரோடு இறக்கினோமே, அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. மன்னிப்புக் கடிதம் நான்தான் எழுதினேன்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அப்படியே குடிகாரர் போலத்தான் தெரியும். பக்கவாதத்தின் தொடக்கம், வலிப்பு வந்து போன பிறகு இருக்கும் குழப்பம், ஜலதோஷத்துக்குப் போட்ட அலர்ஜி மாத்திரை, எல்லாமே அப்படித்தான். தூக்கமின்மையும் அதே வேலையைச் செய்யும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டினால் குற்றம். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க விடியவிடிய உட்கார வைத்துவிட்டு, மறுநாள் அவர் கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்பது நம் ஊழியரிடம் கேட்க வேண்டிய கேள்வியா, நம்மிடமே கேட்க வேண்டியதா?

ஆகவே மேனேஜருக்கு நான் சொல்லும் முதல் விதி: நோய்க்கோ போதைக்கோ பெயர் வைக்காதீர்கள். பார்த்ததை எழுதுங்கள். "போதையில் இருந்தார்" என்பது முடிவு. "காலை 11.10. வாராந்திர மீட்டிங். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டார். இரண்டு முறை கண் மூடித் தலை சாய்ந்தது. எழுந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உடன் இருந்தவர்கள் நான்கு பேர்" என்பது பதிவு. முதலாவதை எந்த விசாரணையிலும் ஒரே கேள்வியில் உடைத்துவிடலாம். இரண்டாவதை உடைக்க முடியாது, ஏனென்றால் அதில் உடைக்கும்படி எதுவும் இல்லை. தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, வேலையில் என்ன கெட்டது. அன்றைக்கே எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதினால் அதில் கோபம் கலந்துவிடும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஆள் மயங்கிக் கிடந்தால் குறிப்பு எழுத உட்காராதீர்கள். கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது குறட்டை போலத் திக்கித் திக்கி வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றால் ஹெராயின், ஃபென்டனில், டிராமடால் போன்ற ஓபியாய்டு வகை அளவு மீறியிருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், மூச்சு நின்றிருந்தால் செயற்கை சுவாசம் தர வேண்டும். நாலாக்சோன் என்ற, ஓபியாய்டை முறிக்கும் மருந்து மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கிடைக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை செய்யும். உடம்பில் ஓபியாய்டு இல்லாவிட்டாலும் கெடுதல் செய்யாது. ஆனால் அதன் பலன் 30 முதல் 90 நிமிடம்தான், அதற்குப் பிறகு மூச்சு மறுபடி நிற்கலாம். ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பக் கூடாது. அமெரிக்காவில் 2023 முதல் இந்த ஸ்பிரேயை டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் விற்க அனுமதித்துவிட்டார்கள். உங்கள் நாட்டில் கிடைக்கிறதா என்று கேட்டு முதலுதவிப் பெட்டியில் வைப்பது நல்லது. இதற்கு நேர் எதிராக, கொக்கைன், ஆம்பெட்டமின் போன்ற ஊக்கப் போதை வகையில் அளவு மீறினால் உடம்பு கொதிக்கும், நெஞ்சு வலிக்கும், ஆள் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். அதற்கும் ஆம்புலன்ஸ்தான், அறிவுரை இல்லை.

சரி, மயக்கம் இல்லை, ஆனால் கண்ணெதிரே ஒருவர் தள்ளாடுகிறார். அன்றைக்கு என்ன செய்வது? இரண்டு பேர் பார்க்க வேண்டும், ஒருவர் மட்டும் அல்ல. தனி அறைக்கு அழைக்க வேண்டும், எல்லோர் முன்னாலும் அல்ல. முதல் கேள்வி "உடம்பு சரியில்லையா, டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்பதாக இருக்கட்டும். நீரிழிவு, வலிப்பு என்று எதுவும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வேலை பார்க்கும் நிலையில் இல்லை என்று இருவருக்கும் தோன்றினால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அவர் கையில் வண்டிச் சாவியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். டாக்ஸி பிடித்துக் கொடுங்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். நிலைமை தெரிந்தே அனுப்பி, வழியில் விபத்து நடந்தால், "நாங்கள் வேலையிலிருந்து விடுவித்துவிட்டோம்" என்ற பதில் எங்கும் எடுபடாது. விசாரணை மறுநாள். அன்றைக்கே உட்காரவைத்து வாக்குமூலம் வாங்குவதில் பிரயோஜனமே இல்லை.

உங்கள் விஷயத்தில் தள்ளாட்டம் எதுவும் இல்லை, பேச்சு மட்டும்தான். அப்படியென்றால் இரண்டு வாரம் அவருடைய வேலையைப் பாருங்கள். ஆளைப் பின்தொடரச் சொல்லவில்லை. கழிப்பறை வாசலில் நிற்பது, பையைத் துழாவுவது எதுவும் வேண்டாம். வேலை தவறவில்லை என்றால் விஷயம் அங்கேயே நிற்கட்டும். தவறுகிறது என்றால் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தப் பேச்சு கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"உட்காருங்க. உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடலை. நான் பார்த்ததைச் சொல்றேன், அப்புறம் நீங்க உங்க பக்கத்தைச் சொல்லுங்க. போன வாரம் ரெண்டு நாள் மத்தியானம் வெளிய போய் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்தீங்க. நேத்து அனுப்பின ரிப்போர்ட்ல மூணு பக்கம் காலியா இருந்துச்சு. புதன்கிழமை மீட்டிங்ல ரெண்டு தடவை கண் அசந்துட்டீங்க. முன்னாடி நீங்க இப்படி இல்லை. என்ன ஆச்சு?"

இதைச் சொன்ன பிறகு மேனேஜர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். அரை நிமிட மௌனம் தாங்காமல் நாமே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் வரும் பதில், "வீட்ல கொஞ்சம் பிரச்சனை சார்." அதற்கு மேல் தோண்ட வேண்டாம். "சரி. என்ன பிரச்சனைன்னு என்கிட்ட சொல்லணும்னு கட்டாயம் இல்லை. டாக்டரைப் பார்க்கணும், யார்கிட்டயாவது பேசணும்னா லீவு தரேன், அது இந்த ரூமைத் தாண்டிப் போகாது. ஆனா வேலை இப்படியே போக முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு இதே நேரம் உட்காருவோம், இந்த மூணு விஷயத்தையும் பார்ப்போம்." இந்த மொத்தப் பேச்சிலும் போதை என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா? அவர் வாயிலிருந்து வந்தால் வரட்டும். என் அனுபவத்தில், இப்படிப் பேசிய நான்கு பேரில் இரண்டு பேர் அடுத்த சந்திப்புக்கு முன்பே தாங்களாக வந்து சொன்னார்கள். ஒருவருக்குத் தூக்க மாத்திரை. இன்னொருவருக்கு முதுகு வலிக்காக ஆரம்பித்த வலி மாத்திரை, வலி போன பிறகும் நிற்கவில்லை.

இப்போது டெஸ்டுக்கு வருகிறேன். டெஸ்ட் என்றால் முதலாளிகளுக்கு ஒரு நிம்மதி, மெஷின் சொல்லிவிடும், நாம் சொல்ல வேண்டியதில்லை என்று. ஆனால் மெஷின் சொல்வது வேறு, நமக்குத் தெரிய வேண்டியது வேறு. சிறுநீர் டெஸ்ட், ஒரு பொருளோ அது உடம்பில் உடைந்த பின் மிஞ்சும் கழிவோ வரம்புக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஆள் அந்த நேரத்தில் நிதானத்தில் இருந்தாரா என்பது அதில் இல்லை. கொக்கைனோ ஆம்பெட்டமினோ இரண்டு முதல் நான்கு நாள் தெரியும். கஞ்சாவின் கழிவு கொழுப்பில் தங்கும் ரகம். எப்போதாவது புகைப்பவருக்கு மூன்று நாள் போல, தினமும் புகைப்பவருக்கு ஒரு மாதம்கூடத் தெரியும். முடியை எடுத்துச் சோதித்தால் 90 நாள் கதை வரும், ஆனால் முந்தாநாள் நடந்தது வராது. உமிழ்நீர் டெஸ்ட் ஓரளவு பக்கத்தில் வருகிறது, கடைசி ஒன்றிரண்டு நாளைக் காட்டும். கலிபோர்னியா மாநிலம் இந்தக் குழப்பத்தைச் சட்டமாகவே எழுதிவிட்டது: போதை தராத கஞ்சாக் கழிவு உடம்பில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற விதி அங்கே 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, சில வேலைகளுக்கு விலக்கோடு.

அடுத்தது, தப்பான பாசிட்டிவ். மருந்துக்கடையில் கிடைக்கும் பட்டை, கோப்பை கிட் எல்லாம் முதற்கட்ட டெஸ்ட்தான். மூலக்கூறின் சாயலைப் பார்த்துத்தான் அது முடிவு சொல்கிறது, அதனால் ஏமாறும். மூக்கடைப்புக்குப் போடும் சூடோஎஃபெட்ரின் ஆம்பெட்டமினாகக் காட்டலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து உடம்பில் மார்ஃபினாக மாறும். கசகசா தின்றவரின் சிறுநீரில் உண்மையாகவே மார்ஃபின் இருக்கும். அமெரிக்க அரசுப் பணிகளுக்கான டெஸ்டில் ஓபியேட் (மார்ஃபின், கோடீன் வகை) வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் என்று இருந்ததை 1998இல் 2000 நானோகிராமாக உயர்த்தியதற்குக் கசகசாவும் ஒரு காரணம். அதனால் பாசிட்டிவ் வந்த மாதிரியை மூலக்கூறின் எடையை அளந்து பொருளை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் ஆய்வகத்தில் உறுதிப்படுத்தி, அதன் பிறகும் ஒரு மருத்துவர் ஊழியரிடம் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று தனியாகக் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். அந்த மருத்துவர் உங்களிடம் சொல்ல வேண்டியது பாசிட்டிவ், நெகட்டிவ் அவ்வளவுதான். ஊழியருக்கு மனச்சோர்வு மருந்து போகிறது என்பது உங்கள் காதுக்கு வரவே கூடாது.

மாதிரி எடுப்பதற்கே எவ்வளவு சடங்கு இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை முறையில் 45 மில்லிலிட்டர் எடுத்து, 30ஐ ஒரு பாட்டிலிலும் 15ஐ இன்னொன்றிலும் ஊழியர் கண்ணெதிரே ஊற்றி சீல் வைப்பார்கள். நான்கு நிமிடத்துக்குள் வெப்பம் பார்ப்பார்கள். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இல்லை என்றால் வேறு யாருடையதோ, ஃபிரிட்ஜிலிருந்து வந்ததோ என்று சந்தேகம். இரண்டாவது பாட்டில், ஊழியர் முடிவை மறுத்தால் வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து. இதையெல்லாம் உங்கள் ஹெச்.ஆர். உதவியாளர் காகிதக் கோப்பையை நீட்டிக்கொண்டு கழிப்பறை வாசலில் நின்று செய்யப்போகிறாரா? அந்தக் காட்சியை ஒரு நிமிடம் மனசில் ஓட்டிப் பாருங்கள். 119 பேர் உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டார்கள்.

டெஸ்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்த, எழுதிவைத்த காரணம் இருக்கும்போது, வேலைக்குச் சேரும்போதே ஒப்புக்கொண்ட பாலிசி இருக்கும்போது, உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கும்போது, வெளி ஆய்வகம் மூலமாக ஒருவருக்குச் செய்யலாம். சிகிச்சை முடித்து வருபவர் தானே ஒப்புக்கொண்டால் சில மாதங்களுக்குச் செய்யலாம். ஒரு பேச்சை வைத்து எல்லோருக்கும் செய்வதற்கு அலுவலகத்தில் நியாயம் கிடையாது.

சட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும். கனடாவில் 2018 அக்டோபர் முதல் பெரியவர்கள் கஞ்சாவைச் சட்டப்படி வாங்கலாம். அதே கஞ்சாவைச் சிங்கப்பூர்க் குடிமகன் கனடா போய்ப் புகைத்துவிட்டு வந்தாலும் அவர் நாட்டுச் சட்டப்படி குற்றம். ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், இப்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எடுப்பவரைக் காப்பாற்றாது. சிகிச்சை முடித்துப் பழக்கத்தை விட்டவரைக் காப்பாற்றும். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு தர அது வழி செய்கிறது. அதே சட்டத்தின் 25ஆம் பிரிவு, தன் இடத்தில் குற்றம் நடக்கத் தெரிந்தே விட்டவரையும் தண்டிக்கும். பிரிட்டனின் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 8ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதே ரகம். அதாவது அலுவலகத்துக்குள் விற்பனை நடப்பது தெரிந்தும் பேசாமல் இருந்தால் மாட்டுவது ஊழியர் மட்டும் இல்லை. எந்த நடவடிக்கைக்கும் முன் உள்ளூர்த் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் செலவழித்துவிடுங்கள்.

கழிப்பறையில் பொட்டலம் கிடைத்தால்? முகர்ந்து பார்க்காதீர்கள், நாக்கில் வைத்துப் பார்ப்பது சினிமாவில் மட்டும். வெறும் கையால் தொட வேண்டாம், ஆதாரம் என்று உங்கள் டிராயரில் பூட்டி வைக்கவும் வேண்டாம், அப்போது அது உங்கள் டிராயரில் இருந்த பொருளாகிவிடும். தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடுவதும் தப்பு. அந்த இடத்தை மூடி, இரண்டு பேர் சாட்சியாக நின்று, போட்டோ எடுத்து, வக்கீல் சொல்படி போலீசுக்குத் தெரிவிப்பதுதான் வழி.

என் இரண்டாவது சறுக்கல், உங்கள் முதலாளியின் இரண்டாவது யோசனைதான். இருபத்தாறு வயதுப் பையன். மாத்திரை எடுக்கிறான் என்று தெரிந்தது. நிறுவனத்தின் பெயர் கெடக்கூடாது என்று மேலிடத்தில் நெருக்கினார்கள். நானும் "சொந்தக் காரணங்களுக்காக" என்று ராஜினாமா எழுதி வாங்கி, அனுபவச் சான்றிதழும் கொடுத்து அனுப்பினேன். எல்லோருக்கும் நிம்மதி. ஆறு மாதத்தில் அதே தளத்தில் இன்னும் இரண்டு பேர். மாத்திரை கொண்டுவந்து கொடுத்தவர் வேறொருவர், அவர் அப்போதும் உள்ளேதான் இருந்தார். பையனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பியதால் அந்தக் கதவை நானே சாத்தியிருந்தேன். போனவன் சிகிச்சைக்குப் போனானா என்றும் எனக்குத் தெரியாது.

அந்தத் தளத்தில் ஏன் மாத்திரை புழங்கியது என்று பிறகு பார்த்தோம். மூன்று மாதமாக ஒரு புராஜெக்ட், இரவு இரண்டு மணி வரை வேலை, காலை ஒன்பதுக்கு மீட்டிங். கவனக்குறைவு நோய்க்கு (ஏ.டி.ஹெச்.டி.) தரும் ஊக்க மாத்திரையை யாரோ வாங்கி வந்திருக்கிறார்கள். கண் விழிக்க ஒன்று, பிறகு தூங்க ஒன்று. அலுவலகப் போதை என்றாலே ஊசியும் பொடியும் ஞாபகம் வருகிறது. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் மருந்து அட்டையில் வந்தவை. ஊழியர்கள் விழித்திருப்பதையே உழைப்பு என்று கைதட்டிய மேனேஜர் அன்று விசாரணைக் குழுவில் உட்கார்ந்திருந்தார்.

இதனால்தான் பாலிசி என்பது பிரச்சனை வருவதற்கு முன்பே இருக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். அலுவலகத்தில் வைத்திருப்பது, விற்பது, எடுப்பது கூடாது. நிதானம் கெடுக்கும் மருந்து சாப்பிடுபவர் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், வேலையில் என்ன மாற்றம் தேவை என்பதை மட்டும் சொன்னால் போதும். தானாக வந்து உதவி கேட்டால், கேட்டதற்காக மட்டும் தண்டனை கிடையாது. சந்தேகம் வந்தால் யார் பார்ப்பார்கள், யார் முடிவெடுப்பார்கள், விவரம் எத்தனை பேருக்குத் தெரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நடைமுறை விதித்தொகுப்பு மது, போதைப் பிரச்சனைகளை மற்ற உடல்நலப் பிரச்சனைகளைப் போலவே நடத்தச் சொல்கிறது, ரகசியம் காக்கச் சொல்கிறது, தண்டனைக்கு முன் சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறது. அதை ஒரு முறை படித்துவிட்டு எழுத உட்காருங்கள். அப்புறம் இன்னொன்று: பாலிசி டைரக்டருக்கும் பொருந்த வேண்டும். வாடிக்கையாளர் விருந்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே திரும்பி வரும், வருடா வருடம் விற்பனையில் முதலிடம் பிடிக்கும் ஆளை விட்டுவிட்டு, பயிற்சிக்கு வந்த புதியவரை மட்டும் பிடித்தால் அந்த இரண்டு பக்கமும் குப்பைதான்.

சிகிச்சைக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். "நாளைக்கே நிறுத்திட்டு வா" என்று கெடு வைக்காதீர்கள். மதுவையும் அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகளையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஓபியாய்டு பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று மருந்துகள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தருவார்கள். "இன்னும் ஏதோ எடுத்துக்கிட்டுத்தானே இருக்கார்" என்று நினைப்பது தப்பு, அதுதான் அவருடைய சிகிச்சை. மறுபடி வழுக்குவதும் நடக்கும். அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையிலிருந்து வழுக்குவது இதைவிடச் சற்று அதிகம் என்று அதே நிறுவனம் ஒப்பிடுகிறது. சிகிச்சை முடிந்து வழுக்குபவர் பழைய அளவையே எடுத்தால், உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். பல மரணங்கள் அப்படித்தான் நேர்கின்றன. அதனால் ஒரு முறை வழுக்கினால் என்ன செய்வது என்பதையும் திரும்பி வரும்போது போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அந்த ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும்: எந்த வேலை, எந்த நேரம், ஆலோசகரைப் பார்க்க வாரத்தில் எப்போது அனுமதி, டெஸ்ட் உண்டா, எத்தனை மாதம். முதல் மாதம் இரவு வேலையும் வெளியூர்ப் பயணமும் வேண்டாம். குழுவிடம் "உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்தார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமையே ஆபீஸ் பார்ட்டி வைத்து, "ஒண்ணே ஒண்ணு" என்று கையில் திணிக்கும் கூட்டத்தைத் தடுப்பதும் மேனேஜரின் வேலைதான்.

எப்போது வேலையை விட்டு அனுப்பலாம்? விற்றவரை. போதையில் வாடிக்கையாளர் பணத்திலோ தகவலிலோ கை வைத்தவரை. வாய்ப்பும் லீவும் கொடுத்து, எழுதிக் கொடுத்து, அதற்குப் பிறகும் வேலை சரியாகவில்லை, சிகிச்சையும் வேண்டாம் என்பவரை. இந்த மூன்றிலும் விசாரணை நடத்தி, அவர் பதிலைக் கேட்டு, நடத்தையைக் காரணமாகக் காட்டித்தான் உத்தரவு போக வேண்டும். "போதைக்கு அடிமை" என்று உத்தரவில் எழுதினால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். "மார்ச்சில் மூன்று முறை அனுமதியின்றி பணியிடத்தை விட்டுச் சென்றார்" என்று எழுதினால் வருகைப் பதிவேடே சாட்சி.

கடைசியாக ஒன்று, கேள்வியில் இல்லாதது. உங்களிடம் வந்து சொன்ன அந்தச் சக ஊழியரை என்ன செய்வது? அவருக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இன்றைக்கே. "சொன்னது நல்லது. உங்க பேர் வெளிய வராது. இனி இதை நான் பார்த்துக்கறேன், நீங்க அவரைக் கவனிக்கவும் வேணாம், வேற யார்கிட்டயும் சொல்லவும் வேணாம்." சொல்லாவிட்டால், முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்து அவர் காபி மெஷின் பக்கத்தில் பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சு சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஆகாது. அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு நிதானமாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாலும், அவர் கதவைத் திறக்கும்போதே வக்கீல் நோட்டீஸை மனசில் எழுதிக்கொண்டுதான் உள்ளே வருவார்.